சார்ஜ் ஏறலையா? முதலில் சுவரைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் 1986-ல் டிரான்சிஸ்டர் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்க்க உட்கார்ந்தவன் நான். பிறகு டிவி வந்தது, கம்ப்யூட்டர் மானிட்டர் வந்தது, 2003 வாக்கில் லேப்டாப் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பொருள் மாறியதே தவிர ஸ்டூல் மாறவில்லை. இப்போது என் பக்கத்தில் ஐடிஐ முடித்த தம்பிகளும் டிப்ளமோ முடித்த தங்கைகளும் உட்கார்ந்து வேலை பழகுகிறார்கள். ஒரே விஷயத்தைத் தினமும் வாயால் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

லேப்டாப் வேலைக்கு வந்த புதிதில் பத்திரம் எழுதும் ஒரு பெரியவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "சார்ஜ் ஏற மாட்டேங்குதுப்பா" என்றார். மூன்று வருடப் பழைய பேட்டரி. அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "போயிடுச்சு, மாத்தணும்" என்றேன். புது பேட்டரி போட்டு, கடையிலிருந்த என் அடாப்டரில் ஏற்றிக் காட்டி, பணம் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "உன் கடையில ஏறுது, என் வீட்ல ஏறல." அவருடைய அடாப்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், முனையில் ஒரு மெல்லிய வயர் அறுந்திருந்தது. பழைய பேட்டரிக்கு ஒன்றுமே இல்லை. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அவருக்காக நான் போட்டுக்கொண்ட வரிசைதான் கீழே இருப்பது.

1. வந்தவர் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள்.

"சார்ஜ் ஏறல" என்பது ஒரு வியாதி. "சார்ஜ் நிக்கல" என்பது வேறு வியாதி. "வயரைப் புடுங்கினா உடனே ஆஃப் ஆயிடுது" என்பது மூன்றாவது. மக்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துதான் சொல்வார்கள். ஏறவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியில் எங்கோ அடைப்பு. ஏறி, அரை மணியில் தீர்ந்துவிடுகிறது என்றால் பேட்டரியின் வயது. வயரை எடுத்ததும் அணைந்தால், பேட்டரி செத்திருக்கலாம், இணைப்பே விட்டும் போயிருக்கலாம். எனவே நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். எப்போதிருந்து? கீழே விழுந்ததா? தண்ணீர், டீ ஏதாவது பட்டதா? வேறு யாராவது திறந்து பார்த்தார்களா? நான்காவது கேள்விக்குத் தயங்கித்தான் பதில் வரும். கோபப்படாமல் கேளுங்கள், உண்மை வரும்.

2. சுவரிலிருந்து தொடங்குங்கள்.

மின்சாரம் சுவரில் புறப்பட்டு பேட்டரியில் போய் முடிகிறது. நீங்களும் அதே வழியில் நடந்து போங்கள். பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டருக்குள் செருகும் பவர் கார்டு, அடாப்டர், அதன் முனை, லேப்டாப்பின் ஜாக், போர்டு, கடைசியாக பேட்டரி. அடாப்டருக்குள் செருகும் கார்டு பாதி வெளியே வந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அழுத்திச் செருகினால் முடிந்துபோகும் வேலைக்கு எத்தனையோ பேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள்.

போனில் விசாரிக்கிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, "சார்ஜரையும் கூடவே எடுத்துட்டு வாங்க" என்பதுதான். நம் அடாப்டரில் ஏற்றிப் பார்த்து நல்லது, கெட்டது சொன்னால், அவர் வீட்டுப் பழுது அவர் வீட்டிலேயே இருக்கும்.

"லேப்டாப்பைத் தொட்டா சுர்ருங்குது" என்றும் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் இல்லாததால் வருவது. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம், போக எர்த் இல்லாமல் உலோக உடம்புக்கு வந்து நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். லேப்டாப்பைப் பிரிக்க வேண்டாம்.

3. அடாப்டரின் முதுகைப் படியுங்கள்.

அடாப்டரின் ஸ்டிக்கரில் எல்லாமே எழுதியிருக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 65 வாட். 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட், 4.62 என்றால் 90 வாட். வோல்ட் லேப்டாப் கேட்பதோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 90 வாட் கேட்கும் லேப்டாப்பில் தம்பியின் 45 வாட் அடாப்டரைச் செருகினால், ஓடுவதற்கே அது போதாது, பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? சில லேப்டாப்கள் அப்போது ஏற்ற மறுக்கும். சிலவற்றில் சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

பிறகு மல்டிமீட்டர். 19.5 என்று காட்டினால் உடனே அடாப்டருக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். சுமை இல்லாதபோது சரியாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும் அடாப்டர் நிறைய உண்டு. அதே வகையைச் சேர்ந்த, நன்றாக ஓடுகிற இன்னொரு லேப்டாப்பில் போட்டு, சார்ஜ் ஏறுகிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். வயரை இரண்டு இடங்களில் விரலால் நீவிப் பாருங்கள்: பெட்டியை விட்டு வெளியே வரும் இடம், முனைக்குச் சற்று முன்னால். இறுக்கிச் சுற்றிப் பையில் திணிப்பவர்கள் வீட்டு அடாப்டர் அந்த இரண்டு இடங்களில்தான் அறும். மூன்றாவது இடம் எலி முடிவு செய்வது.

4. நடுவில் இருக்கும் ஊசியை மறக்காதீர்கள்.

டெல், ஹெச்பி போன்றவற்றின் உருண்டை முனைக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய ஊசி தெரியும். அது மின்சாரம் கொண்டுவருவது இல்லை. "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று லேப்டாப்பிடம் அடையாளம் சொல்லும் வழி அது. டெல் அடாப்டருக்குள் இதற்கென்றே ஒரு சிறு மெமரி சிப் இருக்கிறது. ஊசி வளைந்தாலோ, அதற்கு வரும் மெல்லிய வயர் அறுந்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. ஆன் செய்ததும் அடாப்டரின் வகை தெரியவில்லை என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் கீயைத் தட்டித் தாண்டிப் போவது எல்லோருக்கும் வழக்கம். லேப்டாப் வழக்கத்தைவிட மெதுவாக ஓடுகிறது என்ற புகாரும் சேர்ந்து வந்தால், என் சந்தேகம் நேராக ஊசிக்குத்தான் போகும். அடையாளம் தெரியாத அடாப்டரை நம்பாமல் அது வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. பத்திரம் எழுதும் பெரியவரின் அடாப்டரில் அறுந்திருந்தது இந்த வயர்தான்.

5. டைப்-சி என்றால் பேச்சுவார்த்தை ஒத்துப்போனதா என்று பாருங்கள்.

புது லேப்டாப்களில் உருண்டை ஜாக் போய் டைப்-சி வந்துவிட்டது. இதில் சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 9, 15, 20 என்று ஏறும். 65 வாட் லேப்டாப்புக்கு 20 வோல்ட் வேண்டும். சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சிறிய டைப்-சி மீட்டர் ஒன்றை மேசையில் வைத்திருங்கள். அது 5-லேயே நின்றால் பேச்சு முறிந்துவிட்டது என்று பொருள். காரணம் கேபிளா, சார்ஜரா, போர்ட்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு அடையாளச் சிப் இருக்க வேண்டும். போனோடு வந்த கேபிளில் பெரும்பாலும் அது இருக்காது.

போர்ட் இரண்டு இருந்தால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். சில லேப்டாப்களில் ஒன்று மட்டும்தான் சார்ஜ் வாங்கும். போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பையிலிருக்கும் பஞ்சும் தூசியும் அடியில் கெட்டியாக அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். குண்டூசி கூடாது.

6. அது வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

"அறுபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் திருப்புளியைக் கீழே வையுங்கள். லித்தியம் பேட்டரி எந்நேரமும் நூறிலேயே நின்றால் சீக்கிரம் மூப்படையும். அதனால் கம்பெனிகளே ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. லெனோவோவில் கன்சர்வேஷன் மோட், அசுஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல்லிலும் ஹெச்பியிலும் பயாஸுக்குள்ளேயே ஒரு தேர்வு. இவை இயங்கினால் 60-லோ 80-லோ சார்ஜ் நின்றுவிடும். ஆப்பிளும் இதே போன்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. 96, 97-ல் இருக்கும்போது செருகினால் ஏறாமல் சும்மா இருக்கும் லேப்டாப்களும் உண்டு. அது பழுதில்லை. கொஞ்சம் இறங்கவிட்டுச் செருகினால் ஏறும்.

பேரன் ஏதோ அமுக்கிவிட்டான் என்று வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரே ஒரு பட்டனைத் திருப்பிவிட்டு அனுப்பினேன். காசு வேண்டாம் என்றேன். அவர் தெரு முழுக்க எனக்கு வாடிக்கை வந்தது அவர் மூலம்தான்.

7. வெயிலைக் கணக்கில் எடுங்கள்.

கத்திரி வெயிலில் கடையில் கூட்டம் அதிகமாவதற்குக் காரணம் உண்டு. பேட்டரிக்குள் வெப்பத்தை அளக்க ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. சுமார் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றுவதை லேப்டாப் தானாக நிறுத்திவிடும். குளிர் தேசங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் நிறுத்தும், நமக்கு அந்தக் கவலை இல்லை. காரில் வைத்துவிட்டுப் போனது, மெத்தையில் வைத்துக் காற்று வழியை அடைத்தது, விசிறியில் தூசி அடைந்தது எல்லாம் இதில்தான் முடியும். அரை மணி நேரம் அணைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். ஏறினால் விசிறியைச் சுத்தம் செய்யும் வேலை மட்டுமே உங்களுடையது.

8. காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள்.

லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு சார்ஜரைப் போடுங்கள். அணைந்திருக்கும்போது ஏறுகிறது, விண்டோஸ் ஓடும்போது ஏறவில்லை என்றால், வன்பொருளுக்குப் பெரும்பாலும் பழுதில்லை. டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற தலைப்பின் கீழ் மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ என்று தொடங்கும் பேட்டரி வரியை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், அது தானாகவே புதிதாக உட்காரும்.

அடுத்தது தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் சார்ஜ் வேலையைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் சில சமயம் குழம்பிப்போய் நிற்கும். இப்படிச் செய்தால் அதற்குப் புத்தி தெளியும். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில் அடிப்பக்கம் ஊசித் துளை ஒன்று இருக்கும், அதுவும் இதற்குத்தான். பயாஸ் அப்டேட்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். பேட்டரியும் ஏறாத, சார்ஜரும் நம்ப முடியாத லேப்டாப்பில் நடுவில் மின்சாரம் நின்றால் போர்டே போய்விடும்.

9. பேட்டரியின் கணக்குப் புத்தகத்தை வாடிக்கையாளர் முன்னால் திறங்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால், ஒரு அறிக்கை தயாராகும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று பிறக்கும்போது இருந்த கொள்ளளவு, மற்றது இன்று முழுதாக ஏற்றினால் கொள்வது. 48,000 என்று பிறந்து இன்று 19,000-தான் கொள்கிறது என்றால், ஐந்தில் இரண்டு பங்குதான் மிச்சம். கூடவே எத்தனை சுற்று ஓடியது என்றும் பல லேப்டாப்களில் இருக்கும். சுற்று என்பது நூறு சதவீதம் செலவழிப்பது. இன்று ஐம்பதும் நாளை ஐம்பதும் சேர்ந்தால் ஒரு சுற்று. சாதாரண பேட்டரிகள் 300 முதல் 500 சுற்றுக்குப் பிறகு தளர ஆரம்பிக்கும்.

இந்தத் தாளைக் காட்டி, "பாருங்க சார், இவ்வளவுதான் இருக்கு" என்று சொன்னால் எவரும் சண்டை போட மாட்டார். கையால் தூக்கிப் பார்த்து "போயிடுச்சு" என்று நான் சொன்னேனே, அது ஜோசியம்.

10. வீங்கிய பேட்டரியைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அதைச் சார்ஜில் போட்டுச் சோதிக்காதீர்கள். அழுத்தாதீர்கள், வளைக்காதீர்கள், இரும்புத் தகட்டால் நெம்பாதீர்கள். வாயுவை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்திய ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். அவன் புருவம் வளர இரண்டு மாதம் ஆனது. ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகக் கிளப்புங்கள். எடுத்த பேட்டரியை எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில், ஒரு மணல் வாளியில் வையுங்கள்.

2006-ல் டெல் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றுக்குள் இருந்த சோனி செல்களில் நுண்ணிய உலோகத் துகள் கலந்து, உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததுதான் காரணம். லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்ததே சோனிதான். அவர்களுக்கே தூசி அளவு உலோகம் அந்த வேலையைச் செய்தது என்றால், நம் திருப்புளி என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

11. மீட்டர் பூஜ்யம் காட்டினால் பேட்டரி செத்தது என்று அர்த்தமில்லை.

ஒரு செல்லின் சராசரி 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. மூன்று செல் வரிசையாக இருந்தால் ஸ்டிக்கரில் 11.1, நான்கு என்றால் 14.8. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். ஆனால் பேட்டரியின் கனெக்டரில் மீட்டரை வைத்துப் பூஜ்யம் வந்தால் அவசரப்படாதீர்கள். லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகே வாயிலைத் திறக்கும் பேட்டரிகள் இருக்கின்றன. கடையிலிருந்து வரும் புது பேட்டரியும் பல சமயம் தூங்கிக்கொண்டே வரும். மாட்டிவிட்டு சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து, செல் ஒன்று 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே இறங்கிவிட்டால் கதை வேறு. அதற்குள் செம்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து அதை எழுப்பும் வித்தையை யூடியூபில் காட்டுகிறார்கள். எழும். ஆனால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகக் காத்திருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை பூட்டிக்கொண்டது காரணத்தோடுதான். அந்தப் பூட்டை உடைத்த லேப்டாப்பை ஒரு குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க உங்களுக்கு மனம் வருமா?

12. போர்டுக்குப் போகும்போதும் அதே வரிசையில் போங்கள்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. பிறகு டிசி ஜாக். செருகிவிட்டு லேசாக அசைத்தால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஜாக் தனி வயரோடு வரும், மாற்ற பத்து நிமிடம் போதும். ஜாக்கில் 19 வோல்ட் வந்தால் அதைப் பின்தொடருங்கள். நுழைவாயிலில் இருக்கும் மாஸ்ஃபெட்டுகளைத் தாண்டுகிறதா? கரண்டை அளக்கும் குறைந்த ஓம் ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறதா? அதைத் தாண்டினால் சார்ஜிங் ஐசி. பிக்யூ 24735 போன்ற ஐசிகளில் அடாப்டர் வந்திருப்பதை உணரும் காலில் 2.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடாப்டர் வந்ததே அதற்குத் தெரியாது. அங்கே நிற்கும் இரண்டு சிறிய ரெசிஸ்டர்களில் ஒன்று மாறிப்போயிருக்கும். பேட்டரியோடு பேசும் டேட்டா, கிளாக் கோடுகள் இரண்டிலும் சுமார் 3.3 வோல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பேச்சு அறுந்தால் பேட்டரி இருப்பதே திரையில் தெரியாது.

அளந்து பார்க்காமல் ஐசியைச் சூடு காட்டித் தூக்காதீர்கள். டீ சிந்திய கறையும் கரப்பான் பூச்சி எச்சமும் செய்யும் வேலையை ஐசி தலையில் கட்டுவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஐபிஏ என்ற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துலக்குங்கள், பிறகு அளவெடுங்கள்.

13. மலிவான பேட்டரியை உங்கள் பெயரில் விற்காதீர்கள்.

ஸ்டிக்கரில் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எடையை அப்படி அச்சடிக்க முடியாது. ஒரிஜினலையும் புதிதாக வந்ததையும் தராசில் வையுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரிந்தால் உள்ளே செல் குறைவு, அல்லது வேறெதிலிருந்தோ உரித்த பழைய செல். இந்தியாவில் அடாப்டருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாததை வாங்காதீர்கள். ஒரிஜினல் கிடைக்கவில்லை, வேறு கம்பெனி பேட்டரிதான் போடப் போகிறோம் என்றால் அதை வாயால் சொல்லி, பில்லிலும் எழுதுங்கள்.

14. பழைய பேட்டரியைக் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள்.

அங்கே அதைச் சுத்தியலால் உடைப்பவர் பெரும்பாலும் ஒரு சிறுவன். கனெக்டர்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனியாக வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. நம் பங்கு, அது குப்பையோடு கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

15. பார்த்த கூலியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள், பார்க்காததற்கு வாங்காதீர்கள்.

பழுது கண்டுபிடிப்பதே ஒரு வேலை. அதற்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேவையில்லாத பொருளை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு வராது. மாற்றிய பொருளை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி, மாடல், சொன்ன குறை, கண்ட குறை என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் பத்திரம் எழுதும் பெரியவரின் லேப்டாப் இருக்கிறது. சொன்ன குறை: சார்ஜ் ஏறவில்லை. கண்ட குறை: அடாப்டர் வயர். நடுவில் நான் விற்ற பேட்டரியையும் அடித்துத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

நாளைக் காலை கடை திறந்ததும் யாராவது ஒருவர் பையோடு படியேறி வந்து, "சார்ஜ் ஏறலங்க" என்பார். உட்காரச் சொல்லுங்கள். பையில் கை விட்டு லேப்டாப்பை எடுக்கும் முன்பே, "சார்ஜரும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேளுங்கள்.